லேப்டாப் திரை கறுத்துப்போச்சா? 'ஃபார்மட்' போடும் முன் இதைப் படியுங்கள்!

இந்த வாரக் கேள்வி, தேனி மாவட்டம் உத்தமபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி அனுப்பியது. சுருக்கமாக இதுதான் விஷயம்:

"அண்ணன் ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் எங்கள் வீட்டில் இருக்கிறது. விண்டோஸ் ரொம்ப ஸ்லோவாக இருந்ததால் மாமா பையன் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. போன வாரம் அப்டேட் கேட்டது, கொடுத்தேன். அதன்பிறகு ஆன் செய்தால் கம்பெனி பெயர் வருகிறது, அப்புறம் ஒரே கறுப்பு. கடையில் காட்டினோம். 'போர்டு போயிருக்கும், ஃபார்மட் போட்டுப் பார்க்கலாம், கேரன்டி கிடையாது' என்கிறார்கள். இறந்துபோன அப்பாவின் போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்வது?"

முதல் பதில்: ஃபார்மட் வேண்டாம். இப்போதைக்கு யார் சொன்னாலும் வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் போர்டு போனதற்கான அறிகுறி இல்லை. பெரும்பாலும் இது வீட்டிலேயே சரிசெய்யக்கூடிய கோளாறு. அப்பாவின் போட்டோக்கள் இருந்த இடத்திலேயே இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இந்தக் கேள்வி ஒரு வீட்டுக்கானது மட்டுமில்லை. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அப்போது கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. ஆன் செய்ததும் 'பாஸா, விண்டோஸா?' என்று கேட்கும் அந்தப் பட்டியல் பல அண்ணன், அக்காக்களுக்கு ஞாபகம் இருக்கும். பாஸ் பக்கம் போனவர்கள் குறைவு.

இப்போது காற்று அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதனால் பீரோ மேல் கிடந்த லேப்டாப்பைத் தூசி தட்டி லினக்ஸ் போடுபவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களில் பலர் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் கறுப்புத் திரையில்தான்.

லினக்ஸ் என்றதும் பயப்பட வேண்டாம். இந்தக் கட்டுரையை ஆண்ட்ராய்டு போனில் படிக்கிறீர்கள் என்றால், அதற்குள்ளும் லினக்ஸ் கெர்னல்தான் ஓடுகிறது.

தண்ணீர் எங்கே நின்றது?

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தேக்கடியில் தேங்கும் முல்லைப் பெரியாறு தண்ணீர் எப்படி வருகிறது? மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப் மின் நிலையத்தைத் தாண்டி ஆற்றில் சேர்கிறது. பிறகு கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களுக்குப் போகிறது.

உங்கள் வயலுக்கு ஒருநாள் தண்ணீர் வரவில்லை. உடனே 'அணை வற்றிவிட்டது' என்று சொல்வீர்களா? மாட்டீர்கள். மடையைப் பார்ப்பீர்கள், அப்புறம் வாய்க்கால், அப்புறம் மதகு. எதுவரை வந்தது, எங்கே நின்றது என்று தேடிக்கொண்டே மேலே போவீர்கள்.

லேப்டாப் திரையில் படம் வருவதும் இப்படித்தான்.

முதலில், மின்சாரமும் திரையும் கிரா஫ிக்ஸ் சிப்பும். இது அணை.

அடுத்து, சிப்பைப் பேசவைக்கும் 'டிரைவர்'. லினக்ஸில் இது பெரும்பாலும் கெர்னலுக்குள்ளேயே இருக்கும். இது சுரங்கத்தின் மதகு.

மூன்றாவது, ஜன்னல்களையும் எழுத்துகளையும் படமாக்கித் திரைக்கு அனுப்பும் 'டிஸ்ப்ளே சர்வர்'. இது ஆறு. லினக்ஸில் இந்த வேலைக்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று 'எக்ஸ்'. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1984-ல் பிறந்தது, இன்றும் பல லேப்டாப்களில் அதன் 1987-ம் ஆண்டு வடிவமான எக்ஸ் 11-ன் வாரிசுதான் ஓடுகிறது. இன்னொன்று 2008-ல் தொடங்கிய 'வேலேண்ட்'. புதிய லினக்ஸ்கள் இதற்கு மாறிவருகின்றன.

நான்காவது, பாஸ்வேர்டு கேட்கும் லாகின் திரை. இது மடை. அதைத் தாண்டினால் வருவது டெஸ்க்டாப். அதுதான் உங்கள் வயல்.

இதில் எந்த இடம் அடைத்தாலும் நமக்குத் தெரிவது ஒரே கறுப்புத்தான். அதனால்தான் குழப்பம். அடைப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் சோதனை: உயிர் இருக்கிறதா?

லேப்டாப்பை ஆன் செய்யுங்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள். கீபோர்டில் கேப்ஸ் லாக் கீயை அழுத்துங்கள். அதற்கான சின்ன விளக்கு எரிந்து, மறுபடி அழுத்தினால் அணைகிறதா? அப்படியென்றால் திரை கறுப்பாக இருந்தாலும் உள்ளே சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, ஆன் செய்தவுடன் கம்பெனி லோகோ தெரிகிறதா? தெரிந்தால் திரையும் அதற்குப் போகும் கேபிளும் வேலை செய்கின்றன. நம் வாசகிக்கு லோகோ வருகிறது. அதனால் இவருக்கு அணையில் தண்ணீர் இருக்கிறது.

லோகோவே வரவில்லை என்றால், ஒரு டார்ச் சோதனை. அறையை இருட்டாக்கி, திரை மேல் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால், திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் போயிருக்கிறது. அது மெக்கானிக் வேலை. எதுவும் தெரியவில்லை என்றால் வேறொரு மானிட்டரிலோ டி.வி.யிலோ கேபிள் போட்டுப் பாருங்கள். அங்கே படம் வந்தால் போர்டு நன்றாக இருக்கிறது, லேப்டாப்பின் திரையிலோ கேபிளிலோதான் பழுது.

இரண்டாவது: லோகோ வருகிறது, பிறகு கறுப்பு

அப்டேட்டுக்குப் பிறகு இப்படி ஆனால், முதல் சந்தேகம் புதிய கெர்னல் மேல்தான் போக வேண்டும். டிரைவர் அதற்குள் இருப்பதால், புதிய கெர்னலுக்கும் பழைய சிப்புக்கும் ஒத்துப்போகாமல் போவது உண்டு. நல்ல விஷயம் என்னவென்றால், உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ்கள் அப்டேட் செய்யும்போது பழைய கெர்னலை உடனே தூக்கி எறிவதில்லை. பக்கத்திலேயே வைத்திருக்கும்.

லேப்டாப்பை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள். லோகோ வந்ததும் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடியுங்கள். கொஞ்சம் புதிய லேப்டாப் என்றால் எஸ்கேப் கீயை விட்டுவிட்டுத் தட்டுங்கள். 'கிரப்' என்ற பட்டியல் வரும். அதில் இரண்டாவதாக 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று இருக்கும். உள்ளே போனால் எண்களோடு சில வரிகள். மேலே இருப்பது புதிய கெர்னல், அதற்குக் கீழே எண் குறைவாக இருப்பது பழையது. 'ரெகவரி' என்று எழுதாத பழைய வரியைத் தேர்ந்தெடுத்து என்டர் கொடுங்கள்.

டெஸ்க்டாப் வந்துவிட்டதா? அப்படியானால் இதுதான் உங்கள் கோளாறு. அடுத்த கெர்னல் அப்டேட் வரும்வரை இதே வழியில் நுழைந்து வேலை பார்க்கலாம். வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம், முக்கியமான ஃபைல்களை ஒரு பென் டிரைவில் காப்பி எடுப்பது. மற்றதெல்லாம் அப்புறம்.

பழைய கெர்னலிலும் கறுப்பு என்றால் இன்னொரு வழி. கிரப் பட்டியலில் முதல் வரியில் நின்றுகொண்டு 'இ' கீயை அழுத்துங்கள். புரியாத வரிகள் நிறைய வரும், பதற வேண்டாம். 'லினக்ஸ்' என்ற சொல்லில் தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் கடைசியில் 'கொயட் ஸ்பிளாஷ்' என்று இருக்கும். அதற்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு, 'நோமோட்செட்' என்று சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் சேர்த்து டைப் செய்யுங்கள். போனில் சொல்வதுபோலச் சொன்னால்: என், ஓ, எம், ஓ, டாக்டருக்கு வரும் டி, இ, எஸ், இ, டீச்சருக்கு வரும் டி. பிறகு எஃப் 10 அழுத்துங்கள்.

இது என்ன செய்கிறது? 'கிரா஫ிக்ஸ் டிரைவரை வைத்துத் திரையை நீயாக அமைக்காதே, சாதாரணமாகக் காட்டு' என்று கெர்னலிடம் சொல்கிறது. எழுத்து பெரிதாக, படம் கொஞ்சம் அசிங்கமாக வரும். வீடியோ திணறும். பரவாயில்லை, உள்ளே போக வழி கிடைத்துவிட்டது. நீங்கள் டைப் செய்தது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும். அதனால் தப்பாக டைப் செய்துவிட்டாலும் எதுவும் கெட்டுப்போகாது.

இப்படி நுழைந்தால் படம் வருகிறது, இல்லையென்றால் கறுப்பு என்றால், அடைப்பு டிரைவரில்தான் என்பது உறுதி. தனி என்விடியா கார்டு உள்ள லேப்டாப் என்றால், மெனுவில் 'டிரைவர் மேனேஜர்' அல்லது 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து, அது பரிந்துரைப்பதைப் போட்டுப் பாருங்கள். ஏ.எம்.டி. சிப் என்றால் 'ஃபர்ம்வேர்' எனப்படும் துணை ஃபைல் இல்லாமல் இருக்கலாம். டெபியன் லினக்ஸ் 2023-ல் வந்த 12-ம் பதிப்பிலிருந்துதான் இந்த ஃபைல்களை இன்ஸ்டால் செய்யும்போதே சேர்த்துத் தருகிறது. அதற்கு முந்தைய டெபியனைப் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை சகஜம். விலை குறைந்த லேப்டாப்களில் பொதுவாகத் தனி கார்டு இருக்காது. இன்டெல் சிப்பின் டிரைவர் கெர்னலிலேயே இருக்கும், தனியாக எதையும் தேடி டவுன்லோடு செய்யத் தேவையில்லை.

மூன்றாவது: பாஸ்வேர்டு போட்டால் மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறது

இது மடை அடைப்பு. பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கும். ஒரு நொடி கறுத்து, மறுபடி லாகின் திரைக்கே வந்து நிற்கும். நிறைய பேர் பாஸ்வேர்டை மறந்துவிட்டோம் என்று நினைத்து ஃபார்மட் வரை போய்விடுகிறார்கள்.

இதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது ஒரு சாதாரண விஷயம்: டிஸ்க் நிறைந்துவிடுவது. டெஸ்க்டாப் திறக்கும்போது சில சின்ன ஃபைல்களை எழுத வேண்டும். எழுத இடமில்லை என்றால் திறக்காது.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் எழுத்துத் திரை வரும். சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்க்க வேண்டியிருக்கும். யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். பாஸ்வேர்டு டைப் செய்யும்போது புள்ளிகூடத் தெரியாது. அது அப்படித்தான், டைப் செய்து என்டர் கொடுங்கள்.

உள்ளே போனதும் டாக்டருக்கு வரும் டி, எஃப், ஓர் இடைவெளி, சின்னக் கோடு, எச் என்று எல்லாம் சின்ன எழுத்தில் அடித்து என்டர். ஓர் அட்டவணை வரும். கடைசியில் ஒரே ஒரு சாய்கோடு மட்டும் இருக்கும் வரியைப் பாருங்கள். அங்கே 100 சதவிகிதம் என்று இருந்தால் திருடன் சிக்கிவிட்டான். 'சுடோ ஏபிடி க்ளீன்' என்ற மூன்று சொல் கட்டளையைக் கொடுத்தால், அப்டேட்டுக்காக டவுன்லோடு செய்து வைத்திருந்த ஃபைல்கள் அழியும். உங்கள் போட்டோ, டாக்குமென்ட் எதையும் அது தொடாது. கொஞ்சம் இடம் கிடைத்ததும் டெஸ்க்டாப் திறந்துவிடும். பிறகு குப்பைத் தொட்டியைக் காலி செய்துகொள்ளலாம்.

டிஸ்க்கில் இடம் இருந்தும் இப்படி நடக்கிறதென்றால், உங்கள் ஃபோல்டரில் மறைந்திருக்கும் 'எக்ஸ் அத்தாரிட்டி' என்ற ஃபைல் உங்கள் பெயருக்குப் பதிலாக நிர்வாகி பெயருக்கு மாறியிருக்கலாம். உதவ வருபவரிடம் இந்த ஒரு பெயரைச் சொன்னால் போதும், விஷயம் தெரிந்தவர் என்றால் இரண்டு நிமிட வேலை. லாகின் திரையில் ஒரு சக்கரப் படம் தெரிந்தால் அதையும் அழுத்திப் பாருங்கள். வேலேண்டா, எக்ஸா என்று தேர்ந்தெடுக்கும் வசதி சில லினக்ஸ்களில் உண்டு. ஒன்றில் வராதது மற்றதில் வரலாம்.

எதுவுமே சரிவரவில்லையா? முதலில் போட்டோவை மீட்போம்

வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட்டை டவுன்லோடு செய்து, 8 ஜி.பி. பென் டிரைவில் 'லைவ்' டிரைவாக மாற்றிக்கொள்ளுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் யாரையாவது கேட்டால் செய்துதருவார்கள். அந்த பென் டிரைவில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றை எடுங்கள். அதிலிருந்து லேப்டாப்பை ஆன் செய்தால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலேயே லினக்ஸ் திறக்கும். இங்கேயும் கறுப்பு வந்தால், தொடக்கப் பட்டியலில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபைல் மேனேஜரில் உங்கள் டிரைவைத் திறந்து, வேண்டியதை இன்னொரு பென் டிரைவில் காப்பி செய்யுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. டெஸ்க்டாப்பில் 'இன்ஸ்டால்' என்று ஓர் ஐகான் இருக்கும். அதைத் தொடாதீர்கள். அதற்குள் 'எரேஸ் டிஸ்க்' என்று வருவதற்கு ஓகே கொடுத்தால், அப்போதுதான் உண்மையிலேயே எல்லாம் போகும்.

இன்னொன்று. கடைக்காரர் சொன்னதுபோல போர்டே போயிருந்தாலும் ஹார்ட் டிஸ்க் தனிப் பொருள். பழைய லேப்டாப்களில் இரண்டு மூன்று ஸ்குரூ கழற்றினால் கையில் வந்துவிடும். அதை யு.எஸ்.பி. கேஸ் ஒன்றில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகலாம். அந்தக் கேஸ் சில நூறு ரூபாய்தான். ஆனால் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். டேட்டா ரெகவரி செய்பவர்களிடம் கொடுப்பதுதான் நல்லது.

கடைக்குப் போவதாக இருந்தால்...

மெக்கானிக்குகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வருகிற லேப்டாப்பில் பெரும்பாலும் விண்டோஸ்தான், லினக்ஸ் எப்போதாவது ஒன்று. அவசரத்தில் ஃபார்மட்தான் கைக்கு வரும். நீங்கள் போய் 'திரை வரலைண்ணே' என்று மட்டும் சொல்லாமல் இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அண்ணே, லோகோ வருது. கேப்ஸ் லாக் லைட் எரியுது. பழைய கெர்னல்லயும் வரல. நோமோட்செட் போட்டா வருது. ஃபார்மட் வேண்டாம், உள்ளே போட்டோ இருக்கு. டிரைவர் மட்டும் பாருங்க."

இந்த ஆறு வரியில் அணை, மதகு, வாய்க்கால் எல்லாம் அடங்கிவிட்டன. அவர் வேலையும் பாதியாகும், உங்கள் செலவும் குறையும். போட்டோ காப்பி எடுத்த பிறகு கொடுத்தால் இன்னும் நிம்மதி.

சரியான பிறகு ஒரு யோசனை: 2 ஜி.பி. ராம் உள்ள லேப்டாப்பில் கனமான லினக்ஸ் வேண்டாம். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு, லுபுண்டு போன்ற லேசானவை போதும். இடம் இருந்தால் ராமை 4 ஜி.பி. ஆக்கிக்கொள்ளுங்கள், வித்தியாசம் தெரியும். பெரிய அப்டேட் கொடுப்பதற்கு முன் முக்கியமானதை பென் டிரைவில் ஒரு காப்பி எடுங்கள்.

உத்தமபாளையம் வாசகிக்கு: இன்றைக்கே ஷிஃப்ட் கீயைப் பிடித்து, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், பழைய கெர்னலில் திறந்து பாருங்கள். முதல் வழியிலேயே திறக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. திறந்தால் முதலில் அப்பாவின் போட்டோக்களை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று அண்ணனிடம். எந்த இடத்தில் நின்றது என்று எழுதுங்கள், அங்கிருந்து அடுத்த வாரம் பார்க்கலாம்.